ஒரே சொல்லில் மூன்று பேர்

ஆண்டி சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றபோதுதான் டக்ளஸுக்கு முதல் சந்தேகம் வந்தது. ஆண்டி முனீஸ்வரனுக்குச் சேவல் நேர்ந்துவிடுகிறவர். சர்ச் வாசலை அவர் மிதித்ததே இல்லை.

டக்ளஸின் தம்பி வசந்த்குமாரை நாடுகாணிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் யானை கொன்று ஒரு வாரம் ஆகியிருந்தது. சம்பவம் நடந்த மாலை வசந்தோடு இருந்தவர்கள் மூன்று பேர். சூப்பர்வைசர் சில்வஸ்டர், வசந்தின் மைத்துனன் தினேஷ்குமார், காவலாளி ஆண்டி. அடக்கத்தின் குழப்பத்தில் டக்ளஸால் எதையும் கேட்க முடியவில்லை. குன்னூருக்குப் போய்விட்டு நினைவு ஜெபத்துக்காக மறுபடி வந்தபோது, மூவரும் தனித்தனியாக வந்து உட்கார்ந்து சொன்னார்கள். சாவின்போது கூட இருந்தவர்கள் துக்க வீட்டுக்கு வந்து கடைசி நிமிடத்தைச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தோட்டத்து லைன் வீடுகளில் வழக்கம்.

மூவரும் சொன்னது இதுதான். இலை எடை போடும் ஷெட்டுக்குக் கீழே, மூடுபனிக்குள் கொம்பன் யானை நின்றது. வசந்த் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். "நீங்க ஓடுங்க, எனக்கு ஆண்டவர் இருக்காரு" என்றான். ஒரே அடி. வலி தெரியாமல் போய்விட்டான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

டக்ளஸ் குன்னூரில் ஓர் இறையியல் கல்லூரியில் புதிய ஏற்பாடு கற்பிக்கிறவன். வேதத்தைச் சந்தேகிக்கிறான் என்று ஊரில் அவனைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவன் சந்தேகிப்பதில்லை, எடை போடுகிறான். மூன்று சுவிசேஷங்கள் ஒரே சம்பவத்தை ஒரே வரிசையில், ஒரே சொற்களில் சொன்னால் அவற்றை மூன்று சாட்சிகளாக எண்ணாதீர்கள் என்று வகுப்பில் சொல்வான். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியிருக்கிறது, அல்லது எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய் யாருடையது என்று தேடுங்கள். எழுதியவர்களுக்கே வெட்கம் தரும் செய்தி எங்கே வருகிறதோ அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சீடர்கள் எஜமானை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று சீடர்களின் சபையே எழுதிவைத்திருக்கிறது. அதை யாரும் ஆசைப்பட்டு இட்டுக்கட்ட மாட்டார்கள்.

தம்பியின் கதையில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. எல்லாரும் அழகாக இருந்தார்கள்.

மறுநாள் காலையில் சில்வஸ்டரை அழைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனான். அவர் சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர், சபையில் மூப்பர், பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர். அன்று வழியெல்லாம் பேசாமல் வந்தார். தகர ஷெட். ஒற்றைக் கதவு. பனி தேயிலைச் செடிகளுக்குமேல் நகராமல் கிடந்தது.

"முதல்ல இருந்து வேணாம்ண்ணே. கடைசியில இருந்து சொல்லுங்க. ஆளுங்க எப்ப வந்து சேர்ந்தாங்க?"

மனப்பாடம் செய்ததைப் பின்னிருந்து சொல்வது கடினம். சில்வஸ்டர் கொஞ்சம் தடுமாறினார்.

"ஆளுங்க வந்தது... சத்தமெல்லாம் நின்ன பொறகுதான் தம்பி நாங்க தாழ்ப்பாளையே எடுத்தோம். அதுக்குப் பொறகுதான் அவங்க..."

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திவிட்டார். டக்ளஸ் கதவின் உட்பக்கத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சில்வஸ்டர் எடை போடும் மேடையில் உட்கார்ந்து தலையில் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கொம்பனைப் பார்த்ததும் நான்கு பேரும்தான் ஓடினார்கள். வசந்த் கடைசியாக வந்தான், சரிவில் வழுக்கி விழுந்தான். தினேஷ் உள்ளே வந்ததும் தாழ்ப்பாளைப் போட்டு, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"'மச்சான், நாந்தான், தெற'ன்னான் தம்பி. தட்டிக்கிட்டே இருந்தான். தெறன்னு நாங்க யாருமே சொல்லல. நானும் சொல்லல."

"ஒரே அடியா?"

சில்வஸ்டர் இல்லை என்று தலையை அசைத்தார்.

டக்ளஸ் வெளியே வந்து கொஞ்ச நேரம் செடிகளுக்கு நடுவே நின்றான். தேடியது கிடைத்துவிட்டது. வகுப்பில் இப்படி ஒன்று கிடைக்கும் நாளில் அவனுக்குள் ஒரு வெளிச்சம் பரவும். இப்போது வாயில் இரும்புச் சுவைதான் இருந்தது. திரும்பி வந்து, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டான். மனிஷாதான் என்றார் சில்வஸ்டர்.

மனிஷா வசந்தின் மனைவி, தினேஷின் தங்கை. டக்ளஸ் போனபோது அடுப்படியில் ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்றே அண்ணன் தன் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னதாகச் சொன்னாள். அடுத்த நாள் அவன் களைக்கொல்லி கேனோடு ஓடைப்பக்கம் உட்கார்ந்திருந்தான். மூடியைத் திறந்துவிட்டிருந்தான். பிடுங்கிக்கொண்டு வந்தது அவள்தான். வந்த பிறகு மூவரையும் இந்த அடுப்படியில் உட்காரவைத்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருக்கிறாள். கதையை எங்கே நிறுத்துவது என்று ஆண்டிக்குப் பிடிபடவில்லை, அதனால் ஸ்தோத்திரம் வரைக்கும் சேர்த்தே பாடம் செய்துகொண்டார்.

"கோவம் இல்லையா உனக்கு?"

"இல்லாமயா? அவன் சோத்துக்கு வந்து உக்காந்தா எனக்கு அந்தத் தட்டுற சத்தம் கேக்குது. ஆனா ஒரே மாசத்துல ரெண்டு பெட்டிய என்னால தூக்க முடியாது அத்தான்."

அவள் வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தாள்.

"லைன்ல பேச்சு கெளம்பிருச்சு. மூணு பேரும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்றாங்கன்னு சிரிக்கிறாங்க. நீங்க எந்திரிச்சுச் சொன்னா அடங்கிருவாங்க. வேதத்துலயே எது மொதல்ல எழுதினது, எது பின்னால சேர்த்ததுன்னு பிரிக்கிறவரு நீங்க. உங்க பேச்சை யாரு மறுப்பா?"

சுவிசேஷங்களில் மிகப் பழையது, எஜமானின் கல்லறைக்குப் போன பெண்கள் பயந்து ஓடி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, உயிர்த்தெழுந்தவரைக் கண்டதாக வரும் ஆறுதலான வரிகள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. அவற்றைச் சேர்த்த கையைப் பற்றி டக்ளஸ் வகுப்பில் இளக்காரமாகவே பேசுவான், உண்மையைத் தாங்க முடியாத கை என்று. அந்தக் கை இப்படி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கும் என்று அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

கூட்டம் பிற்பகலில் நடந்தது. சின்ன சர்ச், ஈரக் கம்பளி வாசனை. கடைசி பெஞ்சில் தினேஷ்குமார் கைகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிலர் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சாட்சி சொல்ல டக்ளஸை அழைத்தார்கள்.

அவன் எழுந்து நின்று, ஷெட்டுக்குப் போய்ப் பார்த்ததாகவும் மூவர் சொன்னதையும் தனித்தனியே கேட்டதாகவும் சொன்னான். அது உண்மை. பிறகு கொம்பனைப் பற்றிச் சொன்னான், விரித்த கைகளைப் பற்றிச் சொன்னான். சபை அசையாமல் கேட்டது, ஆனால் நம்பவில்லை. முகங்களில் அது தெரிந்தது. கதை மிக வழுவழுப்பாக இருந்தது. ஒரு பிரயோஜனமும் இல்லாத ஏதோ ஒன்று அதற்குத் தேவைப்பட்டது, யாரும் வேண்டுமென்று சேர்க்காத மாதிரி ஒன்று.

"கையில தூக்குச்சட்டி இருந்திருக்கு" என்றான் டக்ளஸ். "முன்னால போறதுக்கு முந்தி அதைக் குனிஞ்சு ஒரு கல்லு மேல வச்சிருக்கான். சாயுதுன்னு திரும்பவும் எடுத்து நேரா வச்சிருக்கான்."

முன்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தலை குனிந்தார்கள். மனிஷா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வசந்த் தூக்குச்சட்டி எடுத்துப் போகிறவன் இல்லை. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான்.

கூட்டம் கலைந்ததும் டக்ளஸ் கூடலூர் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றான். டீக்கடை பெஞ்சில் சில்வஸ்டர் கேரளப் பக்கத்து லாரிக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தினேஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"தூக்குச்சட்டிய அவ்வளவு பதனமா வச்சான், என் கண்ணால பார்த்தேன்" என்றார் சில்வஸ்டர். அவர் குரல் உடைந்தது.

"பாதிச் சோறு மிச்சம் இருந்துச்சு அதுல" என்றான் தினேஷ்குமார்.