வாயை வைத்து ஊதிய வெள்ளைச்சாமி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்பிய ஒருவன் போலீசுக்கு வாக்குமூலம் கொடுத்த கதையைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம்; கடைசியில் அவனே சிரித்தவன்தான்.

கறம்பக்குடிப் பக்கம் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடிப்பதில் வெள்ளைச்சாமி சூரன் என்று பேர். அந்தப் பேரை வைத்ததும் அவன்தான். முகத்தில் துணி கட்டி மருந்தடிப்பவர்களைக் கண்டால், "என்னப்பா, கல்யாணப் பொண்ணா?" என்பான்.

அன்று காலை ஸ்பிரேயரின் நாசில், அதுதான் மருந்து பீய்ச்சுகிற நுனி, அடைத்துக்கொண்டது. வழக்கம்போல் கழற்றி, வாயில் வைத்து ஊதினான். அரைமணி நேரத்தில் எச்சில் ஒழுக வரப்பில் சுருண்டுவிட்டான்.

கண் விழித்தால் புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டில். கால்மாட்டில் மனைவி செவந்தி அழுதுகொண்டிருந்தாள். தலைமாட்டில் அவனுடைய அக்கா பரிமளா.

"எந்தம்பி மருந்தக் குடிக்கிற அளவுக்கு என்னடி பேசுன?"

"சத்தியமா ஒண்ணும் பேசல மதினி. கருவாட்டுக் கொழம்பு வைக்கவான்னுதான் கேட்டேன்."

"கருவாட்டுக்கா ஒருத்தன் சாவப் போவான்?"

வாயில் மருந்து வாடையோடு வந்தவன் குடித்துத்தான் வந்திருப்பான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. விசாரிக்க ஏட்டும் வந்துவிட்டார்.

"வீட்ல சண்டையா?"

ஆமாம் என்றால் சூரன் பட்டம் தப்பிக்கும். ஆயுசுக்கும் செவந்தி தலைநிமிர முடியாது. பாவி, அதற்கும் ஒரு நிமிடம் யோசித்தான்.

"சண்டையெல்லாம் இல்லீங்கய்யா. நாசில் அடைச்சுக்கிச்சு. வாய வச்சு ஊதுனேன்."

"மருந்தடிக்கிற நாசிலயா?"

"ஆமாங்க, புல்லாங்குழல் மாதிரி. எல்லாத்தையும் எழுதிக்கங்க. சட்டை போடல. எதிர்க்காத்துல அடிச்சேன். கையக் கழுவாம வெத்தலையும் போட்டேன். முப்பது வருசமா இப்புடித்தான்."

நர்ஸ் பிளெஸ்ஸி திரும்பி நின்று சிரிப்பை அடக்கினார். வார்டே சிரித்தது. இருமிக்கொண்டே அவனும் சிரித்தான். துணைக்கு வந்திருந்த பங்காளி ராசு மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்லித்தானண்ணே நானும் ஊதுறேன். ஒரு வருசமாக் கை நடுங்குது. வெயிலுன்னு நெனச்சேன்."

வெள்ளைச்சாமி சிரிப்பை விட்டுவிட்டு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"சிஸ்டர், இவனையும் டாக்டர்ட்ட காட்டுங்க. இவனுக்கு வாத்தியாரு நாந்தான்."

பரிமளா மெல்ல நகர்ந்து செவந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அழாதடி. இந்தக் கிறுக்கன வச்சுக்கிட்டு எப்புடித்தான் இத்தனை வருசம் ஓட்டுனியோ."

உங்கள் வீட்டில் வயலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தங்கள் காலாலேயே நடந்து திரும்பி வரட்டும். வந்து, பசியோடு உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிடட்டும். நன்றாயிருங்கள், கண்ணுகளா.