கண்ணாடியைக் கழற்றிய கத்திக்காரர்

“கண்ணாடி போட்டாத்தான் நான் பலகையில நிப்பேன். இல்லன்னா நீங்களே நின்னு நீங்களே எறிஞ்சுக்குங்க மாமா!”

“கத்தாத. தேர்வாளர் முன்வரிசையில உக்காந்திருக்கார். மூக்குல கண்ணாடியோட கத்தி எறியிறவனை எந்த சர்க்கஸ்ல எடுப்பாங்க? கணக்கு எழுத வந்தவன்னு நினைப்பாங்க.”

“குத்துச்சுன்னா எனக்குத்தானே குத்தும்?”

“இத்தனை வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா?”

“அப்பல்லாம் உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுது!”

மேடைக்குப் பின்னாலிருந்த உடைமாற்றும் அறையில் நடந்த இந்தச் சண்டை, அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்டது. மாமா என்பவர், பலகையில் நிற்கப்போகிறவளின் அக்காள் புருஷன். பூட்டு ரிப்பேர் தொழில். விடுமுறையானால் கத்தி வீச்சு. அக்காள் கல்யாணமான புதிதிலேயே பெரிய கும்பிடாகப் போட்டு விலகிக்கொண்டாள். மாட்டிக்கொண்டவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் தங்கை. தெருவில் அவளுக்குப் பெயரே ‘பலகை’தான். வருஷா வருஷம் சர்க்கஸுக்கு ஆள் எடுக்கும் போட்டிக்குப் போவார்கள், தொங்கிய முகத்தோடு திரும்புவார்கள். இதுதான் கடைசி என்பாள். அடுத்த வருஷம் ஜிகினா உடுப்பை அவளே இஸ்திரி போடுவாள். ஏனடி என்று கேட்காத ஆளில்லை.

ஆனால் போன மாதம், மாமா ஒரு வீட்டுக் கதவில் சாவித் துவாரத்தை விரலால் தடவித் தேடியதை அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

“சரி, போட்டுக்கறேன்” என்றார் மாமா. போட்டும் கொண்டார். பலகையில் அவள் கைகளை வாரால் இறுக்கிக் கட்டினார். திரை விலகியதுதான் தாமதம், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

கை கட்டியாகிவிட்டது, எங்கே ஓட?

முழங்கைக்குப் பக்கத்தில் விழவேண்டிய முதல் கத்தி, காதோரம் வந்து நின்று அதிர்ந்தது. அலறினால் அவர் கை பதறும். அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு அடுத்ததை ஓங்கினார். முனை நேராக அவள் விலாவைப் பார்த்தது.

“மாமா… அங்க நான் இருக்கேன்.”

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. நகைச்சுவையாம்!

“உங்க வலது பக்கம். இன்னும். மேல… அவ்வளவு வேணாம். எறிங்க.”

நச்சென்று இறங்கியது, தோளுக்கு வெளியே. ஒவ்வொரு கத்திக்கும் அவளே வழி சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஜனம் சிரித்தது.

கடைசிக் கத்தி உச்சந்தலைக்கு மேல் விழவேண்டும். மாமா அவள் தலையைத் தேடிக் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். போதும், நிறுத்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் கவனித்தாள்: சிரிப்பு நின்றுபோயிருந்தது. மருந்துக் கடையில் ‘ஏம்மா, சீக்கிரம்’ என்பதற்கு மேல் அவளிடம் பேசாத அத்தனை பேரும், அவளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“எறிங்க” என்றாள்.

கத்தி அவள் முடியில் ஒரு கொத்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தது.

தங்களிடம் ஏற்கெனவே போதுமான கோமாளிகள் இருப்பதாகச் சொல்லிவிட்டுத் தேர்வாளர் எழுந்து போனார். வாரை அவிழ்க்க ஓடிவந்தவர் திரை இழுப்பவர். அவர் கை அவள் கையைவிட மோசமாக நடுங்கியது. அடுத்த வருஷம் அவரையே கல்யாணம் செய்துகொண்டு, ‘பலகை’ வேறு ஊருக்குக் குடிபோனாள். அக்காளுக்கு அப்பாடா என்றிருந்தது. மாமா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு கொல்லைக் கதவின் மேல் எறிகிறார்.

புது வீட்டுக்கு அவள் முதலில் வாங்கியது கட்டிலில்லை, ஒரு பலகை என்று கேள்வி. மாப்பிள்ளை இப்போதுதான் எறியக் கற்றுக்கொள்கிறாராம். கண் நன்றாகத் தெரியுமாம். கைதான் இன்னும் நடுங்குகிறதாம்.