பதினேழாம் எண் வீட்டுக் குழாய்

பதினேழாம் எண் வீட்டில் புதிதாகப் போட்ட குழாய்களில், வீட்டுக்காரரான மெக்கானிக்கின் கை பட்டால் மட்டுமே தண்ணீர் வந்தது. எதிர்வீட்டுக்காரர் திறந்து பார்த்தார், வரவில்லை. தெருமுனை பிளம்பர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டும் சுற்றாமலும் திறந்து பார்த்துவிட்டு, தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார். மெக்கானிக்கின் மனைவியான டீச்சர், சோப்பு நுரை காயும்வரை அடுப்படித் தொட்டியின் முன்னால் நின்றார். கடைசியில் மெக்கானிக் வந்து ஒற்றை விரலால் திருப்பினார். தண்ணீர் கொட்டியது. அவர் பெர்மிட் ஆபீசுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பெர்மிட் உங்க பேர்லதானே இருக்கு? ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடியற வரைக்கும் சில வீட்டுல அப்படித்தான் சார் இருக்கும். சீக்கிரம் கூப்பிட்டு முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர் மெக்கானிக். துருப்பிடித்த பழைய குழாய்களைப் பிடுங்கிவிட்டுத் தானே புதிது போட்டுக்கொள்ளத் துணிந்ததில் வியப்பில்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. சொந்தக்காரர் தான் குடியிருக்கும் வீட்டில், பெர்மிட் வாங்கிக்கொண்டு தானே வேலை செய்துகொள்ளலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை சுவரைப் பூசக் கூடாது, குழாயில் அழுத்தம் ஏற்றிக் காட்ட வேண்டும், இரண்டு வருடத்துக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் போட்டதையெல்லாம் பிடுங்கிப் போட வேண்டும். வீடு இருவர் பேரிலும் இருந்தது. மெக்கானிக் பெர்மிட் விண்ணப்பத்தில் தன் பேரை மட்டும் எழுதினார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவருக்கு அப்படித்தான் பழக்கம்.

அந்தப் பழக்கத்தால்தான் நான்கு வருடமாக அந்த வீட்டில் பேச்சு நின்று போயிருந்தது. டீச்சருக்கு வேறொரு ஊரில் தலைமையாசிரியை வேலை தருவதாகப் போன் வந்த அன்று, அவர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். போனை எடுத்த மெக்கானிக் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு, "அதெல்லாம் அவ வரமாட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து, அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்த பிறகுதான் டீச்சருக்குத் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை. மறுநாள் முதல் சாப்பாட்டு மேஜையில் துண்டுச் சீட்டு வைக்க ஆரம்பித்தார். சோப்பு தீர்ந்தது. சாவி பக்கத்து வீட்டில். மின்சாரக்காரர் வந்தார். பூகோளம் நடத்துகிறவரின் கையெழுத்து, வரைபடத்தில் ஆற்றுக்குப் பேர் எழுதுவதுபோல் சாய்ந்து ஓடும். மெக்கானிக் ஒவ்வொரு சீட்டையும் படித்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

சீட்டு எழுதித் தண்ணீர் கேட்க முடியாது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும். புதுக் குழாய் போட்ட முதல் நாள் டீச்சர் சுவரைப் பார்த்து, "தண்ணி" என்றார். ஒரு வாரத்தில் அது "தண்ணி வேணும்" ஆனது. மழைக்காலம் முடிவதற்குள் "கொஞ்சம் வாங்களேன், கையெல்லாம் மாவு" என்று நீண்டுவிட்டது. அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் குழாய் போக உடைத்த சுவர், பூசாமல் ஜன்னல் மாதிரி திறந்தே கிடந்தது. இவர் அந்தப் பக்கம் முகம் மழிப்பார், அவர் இந்தப் பக்கம் காய் நறுக்குவார், குழாய்களுக்கு நடுவே பேச்சு போய் வரும். எந்த மாணவி வரைபடத்தில் எந்தக் கடலை எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்பதெல்லாம் மெக்கானிக்குக்கு அத்துபடியானது. அறுபத்திரண்டு வயதில் அவர் குளிக்கும்போது பாட ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டால் தண்ணீர் பொதுவாகிவிடும். பொதுவாகிவிட்டால் டீச்சர் எதற்குத் தன்னைக் கூப்பிடப் போகிறார் என்ற பயம் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டது. அதனால் ஒவ்வொரு முறை தேதி குறித்து வரும்போதும் ஒரு சாக்குச் சொல்லிக் கடிதம் போட்டார். டைல்ஸ் வந்து சேரவில்லை என்றார். முதுகு பிடித்துக்கொண்டது என்றார். ஒருமுறை உண்மையாகவே காய்ச்சல் வந்து படுத்தார். அந்த மூன்று நாளும் டீச்சர் அவரைத் தோளில் சாய்த்து நடத்திப் போய், அவர் கையைத் தன் கையால் பிடித்துக் குழாயில் வைத்துத் திருப்பினார். காய்ச்சல் இன்னும் இரண்டு நாள் இருந்தால் தேவலை என்று மெக்கானிக் நினைத்தது நிஜம்.

இரண்டு வருடம் முடிகிற அன்று காலை, கூப்பிடாமலே இன்ஸ்பெக்டர் அம்மா வந்து நின்றார். கையில் டார்ச், தோளில் பை, கக்கத்தில் தடித்த ஃபைல். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் பார்த்தார். மீட்டரின் முள் இம்மியும் அசையவில்லை. "வேலை சுத்தமா இருக்கு. அப்புறம் எதுக்கு சார் ஏழு தடவை தள்ளிப் போட்டீங்க?" என்று ஃபைலை நீட்டினார். மெக்கானிக்கின் கணக்கில் நான்குதான். புரட்டினார். மீதி மூன்றும் சாய்ந்து ஓடும் எழுத்தில் இருந்தன. 'என் கணவருக்கு முழங்கை வலி.' 'நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம்.' கடைசிக் கடிதத்தில் காரணமே இல்லை, 'தயவுசெய்து இப்போது வேண்டாம்' என்று மட்டும் இருந்தது. மெக்கானிக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா தானே குழாயைத் திறந்து பார்த்தார். வரவில்லை. அவர் கறாரானவர். குடியிருப்பவர் எல்லாருக்கும் தண்ணீர் வராத வீட்டுக்குக் கையெழுத்துப் போட முடியாது, பொழுது சாய்ந்தால் பெர்மிட் செத்துவிடும், குழாயைப் பிடுங்க ஆள் வரும் என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, "வீடு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு? அவங்க பேரைச் சொல்லுங்க, இங்கேயே சேர்த்துடறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

மெக்கானிக் வாயைத் திறந்தார். பேர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்படியே மூடிக்கொண்டார். "ஒரு நிமிஷம் இருங்கம்மா. அவளைக் கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

அடுப்படிக்கு எட்டே எட்டு அடி. அதை நடக்க அவருக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. டீச்சர் ஈரக் கையோடு நின்றிருந்தார். "உன் பேரையும் சேர்க்கணும்னு சொல்றாங்க. சேர்க்கலாமா?" என்று கேட்டார் மெக்கானிக். "அன்னிக்குப் போன் வந்தப்பவும் இப்படித்தான் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதுதான்." டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்தார், விரல் விரலாகத் துடைத்தார். "ரொம்ப ஆசைப்பட்டேங்க அந்த வேலைக்கு" என்றார். "தெரியும்" என்றார் மெக்கானிக். டீச்சர் அவரைத் தாண்டி நடந்து போய், இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் கையை நீட்டினார். "பேனாவைக் குடுங்க. என் பேரை நானே எழுதுறேன்."

எழுதி முடித்ததும் டீச்சர் குழாயைத் திறந்தார். வரவில்லை. மெக்கானிக் திறந்தார். அவருக்கும் வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, காய்ச்சல் நாட்களில் செய்ததுபோல் கைமேல் கை வைத்துத் திருப்பினார்கள். தண்ணீர் வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார், 'தண்ணீர் வருகிறது' என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், அடுத்த வீட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

சுவரை ஒரு மாதத்தில் பூசிவிட்டார்கள். பழுது பார்க்க வழி வேண்டும் என்ற விதி இருப்பதால் நடுவில் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள், அது மூடுவதே இல்லை. போன் அடித்தால் மெக்கானிக் எடுத்து, "இருங்க, அவங்களையே கேளுங்க" என்று கொடுத்துவிடுகிறார். இருவரில் ஒருவர் வெளியூர் போனால், மற்றவர் எதிர்வீட்டில் வாளி நிரப்பிக்கொள்கிறார். எதிர்வீட்டுக்காரர் காரணம் கேட்பதில்லை, வாளியைத் தூக்கிக் கொடுப்பதோடு சரி. பிளம்பரை இதுவரை யாரும் கூப்பிடவில்லை.