தவளைக்கு வைத்த பஞ்சு

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பல் டாக்டர் மெக்கானிக் ஆகிவிடுவார். யாரும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதில்லை. அவராகவே ஆகிவிடுவார். ஃபேனைப் பழுது பார்க்கிறேன் என்று அதை ஒரேயடியாக நிறுத்தியவர், மிக்ஸியைப் பிரித்துப் போட்டு இன்றுவரை மூடாதவர், இந்தத் தடவை கை வைத்தது தவளையின் மேல்.

தவளை என்றால் கார். இரண்டே கதவு, பின்னால் எஞ்சின், முன்னால் முட்டைக்கண் விளக்கு இரண்டு. அவர் மனைவி டாக்டரம்மாவின் அப்பா ஆசை ஆசையாக வாங்கி, தினமும் துடைத்து, தன்னால் இனி ஓட்ட முடியாது என்று ஆன அன்றைக்குச் சாவியை மகள் கையில் வைத்து, "இனிமே நீ ஓட்டும்மா" என்று கொடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். மகனுக்கு வீடும் கடையும், மகளுக்கு இது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கார் ஓட்டவே அவள் அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் கற்றுக்கொண்டாள்.

அப்பா போன பிறகு ஓட்டுவது யார்? டாக்டர். "கிளட்ச் ரொம்ப கனம், உன் முட்டிக்கு ஆகாது" என்று அக்கறையாகச் சொல்லி, சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவளே தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போது அந்த அக்கறை எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது.

இத்தனைக்கும் அவளும் பல் டாக்டர்தான். ஒரே கிளினிக், இரண்டு நாற்காலி. படிப்பை அவருக்கு முன்னாலேயே முடித்தவள். என்ன பிரயோஜனம்? வருகிறவர்களுக்கு அவர் டாக்டர், அவள் டாக்டரம்மா. போர்டில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர், பல்லிடுக்கில் மாட்டிய கீரை மாதிரி.

சரி, தவளைக்கு வருவோம். அந்த எஞ்சினுக்குத் தண்ணீரே கிடையாது. காற்றும் ஆயிலும்தான் சூட்டை இறக்க வேண்டும். சமதரையில் சமர்த்தாக ஓடும். மலை ஏறினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். போன தடவை மலைமேல் அவள் தம்பி கட்டிய புது வீட்டுக்குப் போகும்போது சூடு காட்டும் ஊசி சிவப்புக் கோட்டுக்குப் போய், வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. தம்பி கயிறு கொண்டுவந்து கட்டி இழுத்துப் போனான். அன்றைக்குக் கிண்டலுக்குத் திறந்த வாயை அவன் இன்னும் மூடவில்லை.

தம்பிக்கு டைல்ஸ் கடை. "மாமா, அது ஷெட்ல கிடந்து தூங்குறதுக்கு என் கடையில வந்து நிக்கட்டுமே! சுத்துற மேடை ஒண்ணு வாங்கியிருக்கேன். இந்தப் பக்கம் வாஷ்பேசின், அந்தப் பக்கம் கமோடு, நடுவுல தவளை. வர்றவன் அசந்து போயிடுவான்" என்றான்.

டாக்டரம்மாவுக்கு வயிறு எரிந்தது. அப்பா கைபட்ட வண்டி கமோடுக்குப் பக்கத்தில் நின்று சுற்றப் போகிறதா? யாரைக் கேட்டு? ஆனால் தம்பி பேசியது மாமாவிடம். அவளிடம் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

டாக்டருக்கோ இது மானப் பிரச்சினை. ஒரு பெரிய பெட்டியை வரவழைத்துவிட்டார். உள்ளே அடுக்கடுக்காகத் தகடு வைத்த ஆயில் கூலர், கதவுக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடுகிற நீளக் குழாய்கள், ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகுதான் திறந்து வழிவிடுகிற ஒரு தெர்மோஸ்டாட். பின்னால் கொதிக்கிற ஆயில் முன்சக்கரம் வரை வந்து, கூலரில் காற்று வாங்கிக்கொண்டு, திரும்பப் பின்னால் போகும். டாக்டர் சாப்பிட்டுவிட்டுப் போகும் வாக்கிங் மாதிரி.

"நீ உள்ள வராத. இது நுணுக்கமான வேலை" என்றார்.

காலையில் ஒரு கடைவாய்ப் பல்லின் வேர் மூன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி அடைத்துவிட்டு வந்தவளிடம் இதைச் சொன்னார். அவளோ ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, அவர் பிரித்துக்கூடப் பார்க்காமல் கை துடைக்க எடுத்து வைத்திருந்த செய்முறைத் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

ஷெட்டைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டரே தோற்றது. கிளவுஸ், மாஸ்க், நெற்றியில் விளக்கு. "ஒரு பொட்டு தூசி உள்ள போனா எஞ்சின் அவ்வளவுதான்" என்று தனக்குத்தானே வகுப்பு எடுத்துக்கொண்டு, திறந்து கிடந்த குழாய் வாய், கூலர் வாய் ஒவ்வொன்றிலும் கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த பஞ்சுருளையை அடைத்தார். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைப்பார்களே, அதே பஞ்சு. முப்பது வருஷப் பழக்கம், வாயைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

கிளினிக்கிலும் அவர் அப்படித்தான். வைப்பது அவர், எண்ணி எடுப்பது அவள். முன்பு ஒரு பெரியவர் கன்னத்துப் பஞ்சோடு வீட்டுக்குப் போய், வீக்கம் வடியவே இல்லை டாக்டர் என்று மறுநாள் திரும்பி வந்தார். டாக்டர் அசடு வழிய நின்றார். அன்றிலிருந்து தன் நாற்காலியில் யார் வாய் பிளந்து கிடந்தாலும், எழுந்து வந்து அவர் தட்டை எண்ணிவிட்டுப் போவது அவள் வழக்கம்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு டாக்டர் ஜம்பமாக வந்து இறங்கினார். "ஊசி அசையவே இல்லை பார்த்தியா!"

அசையாதுதான். சமதரையில், மாலைக் காற்றில், தெர்மோஸ்டாட் திறந்து கூலருக்கு வழிவிட்டிருந்தால்தானே தெரியும்?  ஷெட்டைக் கூட்டப் போனவள் அவர் பஞ்சு போட்ட தட்டைப் பார்த்தாள். ஆயில் ஊறிய பஞ்சு ஏழு. பாக்கெட்டில் பத்து இருந்தது, மிச்சம் இரண்டு. மறுபடி எண்ணினாள். தரையில் குனிந்து, பெஞ்சுக்கு அடியிலும் தேடினாள். இல்லை.

"ஏங்க, பஞ்சு ஒண்ணு குறையுது."

"அது பல்லு, இது வண்டி" என்றார் டாக்டர். "எல்லாத்துலயும் மூக்கை நுழைக்காத."

காலையில் அவர் குளிக்கப் போகும்போது தானே கழற்றி எடுத்துவிடலாம் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அவரோடு மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம். அப்படித்தான் மறுநாள் ஸ்பேனரோடு ஷெட்டுப் பக்கம் போனாள். உள்ளே பேச்சுச் சத்தம். தம்பி விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்கிறான்.

"மாமா, ஒரே பேச்சு. என் வீட்டு வாசல் வரைக்கும் எங்கயும் நிக்காம போயிட்டீங்கன்னா, தவளை உங்களுது. அப்புறம் நான் வாயே திறக்கலை. நின்னுச்சுன்னா என் கடைக்கு."

"நிக்காது மாப்ளே. பந்தயம்."

இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். நல்ல கதையாக இருக்கிறதே! அவள் அப்பா, அவள் சாவி, அவள் வண்டி. அதை வைத்துப் பந்தயம் கட்ட இவர்கள் யார்? அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பஞ்சு இருக்கிறது என்று இப்போது சொன்னால் டாக்டர் எடுத்துவிட்டு ஜெயிப்பார், வண்டி அவருக்கு. சொல்லாவிட்டால் தம்பி ஜெயிப்பான், வண்டி கமோடுக்கு. எப்படிப் போனாலும் அவளுக்கு இல்லை.

வீட்டுக்குள் திரும்பினாள். ஸ்பேனருக்குத் துணையாக இன்னொரு ஸ்பேனர், ஒரு பழைய துண்டு. எல்லாம் ஹேண்ட்பேகுக்குள் போயிற்று. குழாய் அடைத்தால் ஆயில் குறுக்கு வழியில் டேங்குக்கே திரும்பிவிடும், சூடு ஏறுமே தவிர எஞ்சின் உடனே சாகாது என்று அந்தத் தாளில் இருந்தது. என்றாலும் எஞ்சினோடு விளையாட முடியுமா? ஊசி சிவப்பைத் தொடப் போனால் பந்தயமாவது மண்ணாவது, கத்தி நிறுத்திவிடுவது என்று நினைத்துக்கொண்டாள்.

மலையடிவாரம் வரை டாக்டர் விசில் அடித்தார். தம்பியின் புதுக் கார், டிக்கியில் கயிறோடு, பின்னாலேயே வந்தது. ஏற்றம் ஆரம்பித்ததும் ஊசி மெல்ல எழுந்தது. விசில் நின்றது. இரண்டு வளைவு தாண்டியதும் டாக்டர் ஊசியின் கண்ணாடியை விரலால் தட்டினார்.

"தட்டினா இறங்காது" என்றாள்.

"மீட்டர் பழசு. தப்பாக் காட்டுது."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. ஓரமா நிறுத்துங்க."

"நிறுத்தினா பந்தயம் போயிடும்!"

"எஞ்சின் போனா எல்லாமே போயிடும். நிறுத்துங்கன்னா!"

போன தடவை நின்ற அதே வளைவில் தவளை நின்றது. தம்பி இறங்கி வருவதற்குள்ளேயே கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். அவ்வளவு துக்கம்!

"ஐயோ பாவம்! என்ன மாமா, கூலர் கோவிச்சுக்கிச்சா?"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, மேலே கை விட்டுக் கூலரைத் தொட்டாள். பின்னால் எஞ்சின் அடுப்பாகக் கொதிக்கிறது, இங்கே ஆயில் வந்து சேராத கூலர் சில்லென்று இருந்தது. போதும். எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"இதை நான் சரி பண்ணிட்டா வண்டி யாருது?"

இரண்டு ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து முதல்முறையாக இருவருக்கும் ஒரே விஷயம் சிரிப்பாக வந்தது.

"நீயா? சரி பண்ணிட்டின்னா நீயே வெச்சுக்கக்கா. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றான் தம்பி, கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே.

"நீங்க?"

"தாராளமா. சாவியையும் நீயே வெச்சுக்க, நீயே ஓட்டு" என்றார் டாக்டர். தோற்ற வண்டியைத் தானம் செய்வதில் அவருக்கு என்ன நஷ்டம்?

"அப்ப சாவியைக் குடுங்க."

கொடுத்தார். அவள் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசாக ஒடித்துச் சக்கரத்தை ஒதுக்கினாள். ஹேண்ட்பேகைத் திறந்து, சீப்புக்கும் மாத்திரைக்கும் நடுவிலிருந்து ஸ்பேனர்களை எடுத்தாள். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த தம்பியின் கை அப்படியே நின்றது. கூலரின் கழுத்து முறுக்கிக்கொள்ளாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்து, இன்னொன்றால் குழாயின் நட்டைத் திருகினாள். கீழே துண்டு. ஆயில் கொஞ்சம் சொட்டியது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, கூலரின் வாய்க்குள் விட்டு, கொக்கி போட்டு மெதுவாக இழுத்தாள்.

வந்தது. கறுத்துப்போய், குழாய் முனை அழுத்திய தடத்தோடு, எட்டாவது பஞ்சு.

அதை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள். "உங்க பேஷண்டுக்கு வீக்கம் வடிஞ்சிடும்" என்றாள்.

டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார்.  தம்பி பஞ்சைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

நட்டை இறுக்கி, சூடு கொஞ்சம் தணியும்வரை பாறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவள் டிரைவர் சீட்டில் ஏறினாள். டாக்டர் பழக்க தோஷத்தில் டிரைவர் பக்கக் கதவைத் திறக்கப் போனார்.

"நீங்க அவன் கார்ல வாங்க. கிளட்ச் கனம், எனக்குக் கவனம் சிதறக் கூடாது."

கிளட்ச் கனம்தான். பொய் சொல்லக் கூடாது. மிதித்ததும் முட்டி ஒரு முனகல் முனகியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டாமல், "விடு, விடு, மெதுவா விடும்மா" என்று சொன்ன குரல் காதில் கேட்டது. விட்டாள். தவளை ஒரு தாவு தாவி ஏற்றத்தைப் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் ஊசி அசைந்து, ஒரு நிமிஷம் யோசித்து, கீழே இறங்கத் தொடங்கியது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை ஓய்வில்லை, வளைவுக்குமேல் வளைவு. அழுதுகொண்டே ஓட்டினாள், சந்தோஷமாக.

தம்பி குறுக்குப் பாதையில் முந்திப் போய் வீட்டு வாசலில் கேட்டை அகலத் திறந்து வைத்து நின்றான். பக்கத்தில் டாக்டர், கையில் இன்னும் அந்தப் பஞ்சு, போட ஒரு தட்டு இல்லாமல். தவளை வருவதைப் பார்த்து இருவரும் உள்ளே வா, உள்ளே வா என்று கை காட்டினார்கள்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"எங்கயும் நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே பேசிக்கிட்டீங்க!"

கியரை மாற்றி, அப்பா அடிக்கிற மாதிரி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, திறந்த கேட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தாள்.