விடைபெறு விழாவில் ஓர் இரங்கற்பா

இளவேனில் முற்பகலின் ஒளியிலே நொஷாட்டல் ஏரி தீட்டிய வாளெனப் பளபளக்க, அதன் கரைமேல் மஞ்சட் கல்லாற் கட்டிய இல்லங்கள் படிப்படியாய் ஏறி ஜூரா மலையின் அடர்காட்டுள் மறையும் எழிலைக் கண்டோர், அந்நகரில் வஞ்சினம் ஒன்று ஆண்டாண்டாய் வளர்ந்திருக்கும் என எண்ணவும் மாட்டார்.

அந்நகரத்தவரான எத்தியேன் மர்த்தினே, கூட்டாட்சி நீதிமன்றத்திலே நெடுங்காலம் வீற்றிருந்து, அடைக்கலம் வேண்டி வந்தோரின் முறையீடுகளை ஆய்ந்து தீர்ப்புரைத்தவர். அளந்த சொல்லும் அசையாத முகமும் உடையவர் எனப் பெயர் பெற்றவர். மலையேறி அரும்பூக்களை ஓவியமாய்த் தீட்டுவதும், ஞாயிறுதோறும் பங்குக் கோவிலிலே ஓர்கன் என்னும் பெருங்குழலிசைக் கருவியை வாசிப்பதுமே அவர்தம் விருப்பங்கள்.

மன்னாரிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தயாநிதியின் கூற்று நம்பத்தக்கதன்று என ஒதுக்கி, அவனைத் திருப்பியனுப்பத் தீர்ப்பளித்தவர் அவரே. திரும்பிய தயாநிதி வானூர்தி நிலையத்திலேயே பிடிக்கப்பட்டு, பின் எவர் கண்ணிலும் படாது மறைந்தான். உடலும் கிட்டவில்லை, அடக்கமும் நிகழவில்லை. அம்மறைவையே சான்றாய்க் காட்டி அடைக்கலம் பெற்று வந்த அவன் மனைவி பெர்னடெற், அந்நீதிபதி வாசிக்கும் கோவிலைத் தேடியறிந்து, அங்கிருந்த தமிழ்ப் பாடகர் குழுவிற் சேர்ந்து, நெருப்பை மடியிற் கட்டியவள்போல் காத்திருந்தாள்.

மர்த்தினே பணி ஓய்வு பெற்ற ஞாயிறன்று, உடன்பணியாற்றிய நீதிபதியரும் நகரப் பெரியோரும் கோவிலை நிறைத்திருந்தனர். நன்றிப் பாடலைத் தனித்துப் பாடுமாறு பெர்னடெற்றை அவரே விரும்பிக் கேட்டிருந்தார். மர்த்தினே ஓர்கன் வாசிக்க இசை எழுந்தது, அவளோ வாய் திறவாது நின்றாள்.

“என்ன பிள்ளை, பாடுறதெண்டு ஒத்துக்கொண்டனீர்தானே?” எனக் குழுத்தலைவர் சவிரிமுத்து பதறி வினவினார்.

“ஓம் அண்ணை, பாடுவன். ஆனா இந்தப் பாட்டில்லை.”

பின்னர் நீதிபதியின் பக்கம் திரும்பி, அனைவரும் கேட்கப் பிரெஞ்சு மொழியிலே, “ஐயா, தயாநிதி என்னும் பெயர் நினைவிருக்கிறதா?” என்றாள்.

மர்த்தினே ஓர்கன் விசைகளினின்று விரல்களை எடுத்தார். “நினைவிருக்கிறது. சட்டம் சொன்னதையே நான் சொன்னேன்.”

“நீங்கள் நம்ப மறுத்த அம்மனிதர் என் கணவர். அவருக்கு இறுதிப் பாடல் பாடுவார் இல்லாது போயிற்று. இன்று நான் பாடுகிறேன், நீங்கள் வாசியுங்கள்.”

துணை வேண்டுவார்போல் அவர் தம் தோழரை நோக்கினார். ஒருவரும் தலை நிமிரவில்லை. மன்னார்க் கல்லறைகளிலே பாடப்படும் இரங்கற்பாவை அவள் நடுங்காக் குரலிற் பாட, முதுமையுற்ற விரல்கள் தடுமாறித் தடுமாறி அக்குரலைப் பின்தொடர்ந்தன. அவரைப் போற்ற வைத்த மலர்களெல்லாம் கண்முன்னே சாவீட்டு மலர்களாயின.

திருப்பலி முடிந்தபின், வாயிலில் அவளை மறித்த மர்த்தினே, “என்னை மன்னிப்பீர்களா?” என்றார்.

“மாட்டேன்” என்று கூறிவிட்டு அவள் படியிறங்கினாள்.

பழிதீர்த்த களிப்பு ஏரிக்கரை வரையே அவளோடு நடந்து வந்தது. அங்கே அமர்ந்தபோதுதான், இத்தனை காலமும் உள்ளத்தின் ஒரு மூலையிலே தயாநிதியை உயிரோடு வைத்திருந்ததும், தன் வாயாலேயே இன்று அவனை அடக்கம் செய்துவிட்டதும் அவளுக்குப் புலனாயின. ஆண்டுகள் பலவாய் வராதிருந்த கண்ணீர், அப்போது வந்தது.