அரைக் கிலோ இரும்பு

போர்வையின் ஓரத்தை மூன்றாவது முறையாக அவர் தோளுக்கடியில் செருகினாள். காற்று மறுபடியும் அதை இழுத்துவிட்டது.

விடியற்காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தாயிற்று. மதியம் மகன் வந்து சேரும்வரை வேலை ஒன்றுமில்லை. முப்பது வருடம் தையல் மெஷின் ஓட்டியவளுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. திரைச்சீலை ஆட ஆட வெளிச்சமும் ஆடி, அறையே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருந்தது.

"ஜன்னலைச் சாத்திடவாம்மா?" என்றாள் மகள்.

"வேணாம். சாத்தினா உங்கப்பாவுக்குத் தூக்கம் வராது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மகள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவது ஒன்பது வருடப் பழக்கம். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தோரு வயதில் ஒருநாள், "காலம் பூரா மேலேயும் கீழேயுமே போயிட்டிருக்கேன். ஒருதடவையாவது நேரா நடந்து பாக்கணும்" என்று ஒரு முதுகுப்பையோடு வந்து நின்றார். மலைப்பாதையில் ஐந்து மாத நடை. பையில் போகும் ஒவ்வொன்றையும் கிராம் கணக்கில் நிறுத்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூடப் பாதியாக அறுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயும் வரியா என்று ஒப்புக்குக்கூடக் கேட்கவில்லை மனிதர். கிளம்பிய அன்று, துணி வெட்டும்போது நகராமலிருக்க மேல் வைக்கும் அரைக் கிலோ இரும்புக் கட்டியை எடுத்துப் பையின் அடியில் செருகிவிட்டாள். நன்றாகச் சுமக்கட்டும்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். பழைய கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை. ஓவர்டைமை விட்டார். சாயங்காலமானால் அவள் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சட்டைகளுக்குப் பொத்தான் தைத்தார். ஊசி பிடிக்கத் தெரியாதவர் எங்கே கற்றார் என்று கேட்டதற்கு, "போற வழியில" என்றார். இரும்பைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. முதல் நாளே வீசிட்டேன் என்று சொல்லிவிட்டால்? வேண்டாத சுமையோடு அவளையும் வீசியதாகத்தானே ஆகும். அந்தப் பயத்திலேயே ஒன்பது வருடம் வேறொரு கட்டியை வைத்துத் துணி வெட்டினாள்.

போர்வைக்கு வெளியே அவர் பாதம் தெரிந்தது. பார்க்கவே குளிர்ந்தது. நடைக்குப் போட்டுப் போன கம்பளிக் காலுறை நினைவுக்கு வர, ஸ்டூலில் ஏறி அலமாரி மேலிருந்த முதுகுப்பையை இறக்கினாள். அவரே ஏற்றி வைத்த பை. அவள் தொட்டதே இல்லை. காலுறைக்கு இவ்வளவு கனம் இருக்காதே என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே, முதுகை ஒட்டிய பக்கத்தில், பழைய சட்டைப்பை ஒன்றைப் பிய்த்து வைத்துத் தைத்திருந்தார். கூடாரம் தைக்கும் முரட்டு நூல். விரலால் தடவிப் பார்த்தாள். முதல் பக்கம் கோணல்மாணல். அடியில் இரண்டு இடம் பிரித்துத் திரும்பப் போட்டது. கடைசிப் பக்கம் பரவாயில்லை, நேராகவே வந்திருந்தது. அதற்குள் அவளுடைய இரும்பு, கை பட்டுப் பட்டு வழவழத்துக் கிடந்தது.

"என்னம்மா அது?"

"என்னோடதுதான்."

காலுறையை நிதானமாக மாட்டிவிட்டாள். போர்வையை இழுத்து, வெட்டப் போகும் துணியை நீவுவதுபோல் சுருக்கம் போக நீவினாள். அவர் தோளருகே, அதன் ஓரத்தில் இரும்பை வைத்தாள்.

காற்று இரண்டு தடவை வந்து பார்த்தது. துணி நகரவில்லை.