ஜில்லியன் வரும்வரை

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மோரீன் படுத்திருந்தாள். இந்தப்பக்கம் சோபாவில் அவள் கணவர் டெரெக் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்தச் சவக்கூடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் ஸ்பானியர்கள். நூலகத்துப் பெண், மருந்துக்கடைச் சகோதரர்கள், மீன்கடைக்காரி. ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்கள். மீன்கடைக்காரி பாதியில் சிரித்தாள், உடனே உடைந்து அழுதாள். மோரீன் அவளிடம் அப்படி என்ன வேடிக்கை பேசியிருப்பாள்? டெரெக் தலையை ஆட்டி, ஸ்பானிய மொழியில் தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னார். ஆமாம். நன்றி.

“யாருடா இவங்கல்லாம்?” என்றான் கீத். டெரெக் வழக்கமாகப் போகும் ஆங்கிலேயர் மதுக்கடையிலிருந்து வந்திருந்த நண்பன் அவன் ஒருவன்தான்.

“தெரியல. எல்லாம் அவளோட ஆளுங்க.”

லீட்ஸில் பஸ் பணிமனை வேலை முடிந்ததும், வெயிலுக்காக இந்த ஸ்பானியக் கடற்கரைக்குக் குடிவந்தவர்கள் டெரெக்கும் மோரீனும். குழாய் ரிப்பேர் முதல் பல் பிடுங்குவது வரை இங்கே எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. டெரெக் ஒன்றிரண்டு தடவை அவர்கள் மொழியில் பீர் கேட்டுப் பார்த்தார். கடைப்பையன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அத்தோடு சரி. மோரீன் நூலகத்தில் ஸ்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தபோது சிரித்தார்.

“இந்த வயசுல பரீட்சை எழுதப் போறியாக்கும்? அவனுங்கதான் நம்ம பாஷை பேசுறானுங்கல்ல?”

“பேசுறவங்க பேசுறாங்க. பக்கத்து வீட்டு என்கார்னாவோட புருஷன் செத்தப்ப அவ பக்கத்துல போய் உக்காந்தேன். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல வரல, டெரெக். கட்டை மாதிரி உக்காந்திருந்தேன்.”

நேற்று மாலை மருத்துவமனையில் மோரீன் உயிர் போனதும் சவக்கூடத்திலிருந்து கறுப்புக் கோட்டுப் பையன் ஒருவன் வந்து மெதுவாக ஏதேதோ கேட்டான். டெரெக் தலையாட்டினார். பக்கத்து வீட்டு என்கார்னா அவர் தோளைத் தொட்டு, “ஜில்லியன்?” என்று தொடங்கி என்னவோ கேட்டாள். மகள் பெயர் காதில் விழுந்ததும் அதற்கும் ஆமாம் என்றார். திரும்பக் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்துவானேன்?

ஜில்லியன் போனில் அழுதிருந்தாள். “அப்பா, நாளைக்கு மத்தியானம் வந்துடுவேன். அம்மா முகத்தப் பாக்கணும். நான் வர்ற வரைக்கும்…”

“எங்க போயிடப் போறா? பத்திரமா வச்சிருக்காங்கம்மா. நீ பதறாம வா.”

அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஊரில் ஒரு சாவென்றால் அடக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

நண்பகலில் கண்ணாடிக்குப் பின்னால் திரையை இழுத்தார்கள். கறுப்புக் கோட்டுப் பையன் வந்து குனிந்து ஏதோ கேட்டான். டெரெக் தலையாட்டினார். சாப்பாட்டு நேரம் போலும். என்கார்னா அவர் கையைக் கோத்து வெளியே நிறுத்தியிருந்த காருக்கு அழைத்துப் போனாள். கீத்தும் ஏறிக்கொண்டான். தேவாலயத்துக்குத்தான் இருக்கும் என்று டெரெக் நினைத்தார். கார் ஊரைத் தாண்டி, எலுமிச்சைத் தோப்புகளைத் தாண்டி ஒரு தாழ்வான கட்டடத்தின் முன்னால் நின்றது. பின்பக்கம் உயரமாக ஒரு புகைபோக்கி. முன்னால் வந்த வண்டியிலிருந்து மோரீனின் பெட்டியை இறக்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கொண்டுபோனார்கள்.

“கீத், இது என்ன இடம்?”

கீத் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தான்.

வாசலில் இருந்த அலுவலகப் பெண்ணுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்தது. “தகனம், சார். நேத்தே கேட்டோமே. சரின்னு சொன்னீங்க.”

“என் மக வரணும்! வந்துக்கிட்டே இருக்கா!”

அவள் என்கார்னாவைப் பார்த்தாள். இருவரும் வேகமாகப் பேசினார்கள். என்கார்னாவின் முகம் வெளுத்தது.

“இந்தம்மா உங்ககிட்ட கேட்டாங்களாம். ஜில்லியனால வர முடியாதா, அவ இல்லாமலே நடத்திடலாமான்னு. நீங்க ஆமான்னு…”

“நிறுத்தச் சொல்லுங்க. தயவு செஞ்சு.”

அந்தப் பெண் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். என்கார்னாவும் பின்னாலேயே ஓடினாள். கதவு மூடிக்கொண்டது.

டெரெக்கின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். ஜில்லியன். விமானம் இறங்கியிருக்க வேண்டும். அழைப்பை அவர் ஏற்கவில்லை. அது அடங்கி மறுபடியும் அதிர்ந்தது.

கதவு திறந்து என்கார்னா மட்டும் வந்தாள். அவர் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். அவருக்காக நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக. கண்ணில் நீர் வழிந்தது. அது காலையிலிருந்தே வழிந்துகொண்டுதான் இருந்தது. நிறுத்தினார்களா இல்லையா என்று தெரியாமல் டெரெக் அவள் உதடுகளையே பார்த்தார். அவள் தோளுக்கு மேலே புகைபோக்கி தெரிந்தது. புகை இல்லை. அதன் வாய்க்கு மேல் காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது, உச்சி வெயிலில் எல்லாக் கூரைகளின் மேலும் நடுங்குவதைப் போல.